மூக்குச் சிவந்த கடலை

அத்தியாயம் 6

செத்துக் கிடந்த மூன்று ஆடுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவனுக்கு நாக்கு வறண்டு போகும் என்பது பைசலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வடமதுரைக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு களம். அங்கே விரித்திருந்த தார்ப்பாயின் ஓரம் கொண்டைக்கடலை கொஞ்சம் சிதறிக் கிடந்தது. அதை மேய்ந்த ஆடுகள் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிவரைகூடப் போய்ச் சேரவில்லை. வாயில் நுரையோடு வரிசையாகக் கிடந்தன.

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துவிடும். பைசலுக்கு நேர்மாறு. களத்திலிருந்து திண்டுக்கல் வந்து சேரும்வரை ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த இளவேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான் துப்பறிகிறவள். பூட்டுக்கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ், நாற்பதைத் தாண்டிய வயது, எதைக் கேட்டாலும் அரை நிமிடம் யோசித்துப் பதில் சொல்கிற சுபாவம். பைசல் அவளுக்கு உதவியாளன். பாதி நேரம் டிரைவர், மீதி நேரம் வாய்.

விவகாரம் இதுதான். ஒரு விதைக் கிடங்கில் இரண்டு மூட்டை விதைக்கடலை திருட்டுப் போயிருந்தது. மூட்டைக்கு ஐம்பது கிலோ, மொத்தம் நூறு. பூச்சி அரிக்காமலிருக்க மருந்து தடவிய கடலை. மனிதர் யாரும் தின்றுவிடக் கூடாதென்று சிவப்புச் சாயம் ஏற்றியது. திருடியவனோ, திருடியவனிடம் வாங்கியவனோ, அதைக் கழுவிக் களத்தில் காய வைத்திருக்கிறான். சாயம் போய்விட்டது. ஆனால் கொண்டைக்கடலைக்கு மூக்கு என்று ஒன்று இருக்கிறதே, அந்த மூக்கின் இடுக்கில் மட்டும் சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

களத்தில் கிடந்த காலிச் சாக்கு ஒன்றில் ஒரு மண்டியின் பெயர் இருந்தது. அந்த மண்டியின் கிடங்கில்தான் இப்போது நிற்கிறார்கள்.

"நாப்பது மூட்டை மேடம்," என்றார் முதலாளி ஸ்டீபன்ராஜ். கைக்குட்டை நனைந்து பிழிகிற பதத்தில் இருந்தது. "முந்தாநாள் இறங்குன லோடு. இன்னும் ஒரு கடைக்குக்கூட அனுப்பல. பூட்டும் உடையல. எங்க மூணு பேருகிட்டத்தான் சாவி. நானு, இந்த மேஸ்திரி முனியப்பன், என் பார்ட்னர் மதியழகன்."

"மூட்டைக்கு ஐம்பது கிலோவா?"

"ஆமா. ரெண்டாயிரம் கிலோ. இதுல எங்கன்னு தேட? ஒவ்வொரு கடலையாப் புரட்டிப் பாக்க நம்ம ஆயுசு காணாது."

"எல்லாத்தையும் பாக்க வேண்டாம். கொஞ்சம் பாத்தாப் போதும். ஆனா எல்லா மூட்டையிலயும் கொஞ்சம்."

பைசலுக்கு அந்த இக்கட்டிலும் சாப்பாட்டு ஞாபகம். "சரிதான்க்கா. பிரியாணி அண்டாவுல மேலாப்புல இருக்கற சோத்த மட்டும் பாத்துட்டு கறி இருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமா? கரண்டி அடிவரைக்கும் போகணும்."

இளவேனில் அவனைப் பார்த்த பார்வையில் பாராட்டு இருந்த மாதிரித்தான் தெரிந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

முனியப்பன் குத்தூசியை எடுத்து வந்தார். மூட்டையைப் பிரிக்காமலே குத்தி, உள்ளேயிருந்து தானியத்தை உருவி எடுக்கிற குழல் ஊசி அது. ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று குத்தச் சொன்னாள் இளவேனில். நாற்பது மூட்டைக் கடலையும் ஒரு வெள்ளை வேட்டியில் விழுந்தது. கையால் நன்றாகக் கலைத்தாள். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அள்ளி, ஐநூறு கடலையை எண்ணிப் பிரித்தாள்.

"இதுல மூக்குச் சிவந்தது எத்தனைன்னு பாரு. கெடச்சா அந்த டம்ளர்ல போடு."

பைசல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கடலையைப் பார்த்து நடுங்குகிற காலம் தனக்கு வருமென்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. முதல் சிவப்பு மூக்கு கிடைத்தபோது எவர்சில்வர் டம்ளரில் 'டங்' என்று விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு டங். மறுபடி ஒன்று. கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்து முடித்தபோது டம்ளரில் பத்து இருந்தன.

"ஐநூறுல பத்து," என்றாள் இளவேனில். "நூத்துக்கு ரெண்டு. அந்தக் கணக்குல ரெண்டாயிரம் கிலோவுல நாப்பது கிலோ."

ஸ்டீபன்ராஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவரே! இங்கதான் இருக்கா! அம்புட்டையும் அப்படியே சீல் வச்சிரலாம் மேடம். யாரும் திங்கல. தப்பிச்சோம்."

"தப்பிக்கல. திருட்டுப் போனது நூறு கிலோ. அம்புட்டும் இங்க இருந்தா ஐநூறுல இருபத்தஞ்சு கெடச்சிருக்கணும்."

"சாம்பிள் தப்பா இருக்கலாம்லக்கா?" பைசலின் குரல் கெஞ்சியது. தப்பாக இருக்க வேண்டுமே என்றுதான் இருந்தது அவனுக்கு.

"இன்னொரு ஐநூறு எண்ணு."

எண்ணினான். இந்தத் தடவை பதினொன்று.

"ஒண்ணு ரெண்டு கூடும், கொறையும். அது சாம்பிளோட குணம்," என்றாள் இளவேனில். "ஆனா இருபத்தஞ்சு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு தடவையும் பத்து, பதினொண்ணுன்னு சொல்லாது. அறுபது கிலோ இங்க இல்ல பைசல். வேற எங்கயோ இருக்கு."

ஆடுகள் தின்றது தலைக்கு ஒரு கை அளவுகூட இருக்காது. அறுபது கிலோ என்றால் எத்தனை கை? பைசல் கணக்குப் போட ஆரம்பித்தான். பாதியிலேயே பயந்து நிறுத்திவிட்டான். அது எந்தக் கடையில் தராசில் ஏறிக்கொண்டிருக்கிறதோ, எந்த வீட்டில் குக்கரில் விசில் அடித்துக்கொண்டிருக்கிறதோ?

அப்போதுதான் முனியப்பன் தொண்டையைக் கனைத்தார். மூட்டையைக் குத்தும்போதே அவருக்கு முகம் சுண்டிப் போயிருந்தது.

"தாயி, நான் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இந்த மூட்டைய விஷம் கிஷம்னு சொல்லாதீக. இதுல முருகன் இறங்கியிருக்காரு."

"முருகனா?" என்றான் பைசல். "அவரு எந்த லோடுல வந்தாரு?"

"ஏலே, கேலி பேசாத. நீயே நிறுத்துப் பாரு."

ஒரு மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஐம்பத்தொரு கிலோ. இன்னொன்றை வைத்தார். அதுவும் ஐம்பத்தொன்று. மூன்றாவதும் அப்படியே.

"ஐம்பது கிலோ மூட்டை. அதுல படி எடுத்தாச்சு. எடுத்தும் எடை கூடுது. நாப்பதும் அப்படித்தான். நேத்து நிறுத்துப் பாத்துட்டு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு தாயி. சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு சூடம் பொருத்துனேன்."

இளவேனில் அசையாமல் நின்றாள். "என்ன படி எடுத்தீங்க?"

"மகமைப் படிதான் மேடம்," என்று ஸ்டீபன்ராஜ் குறுக்கிட்டார். "பழனிக்கு நடந்து போறவுகளுக்கு அன்னதானம். லோடு இறங்குனா மூட்டைக்கு ஒரு படி. நான் சர்ச்சுக்குப் போறவன், ஆனா மண்டியில மகமைய நிறுத்துற தைரியம் எங்கப்பாவுக்கே கெடையாது. எப்பவும் மூட்டை கடைக்குப் போகையில எடுப்போம். தைப்பூசம் வந்துருச்சேன்னு இந்தத் தடவை நாப்பதுலயும் நேத்தே எடுக்கச் சொன்னேன்."

"படின்னா எம்புட்டு?"

"கடலைன்னா ஒன்றரைக் கிலோ புடிக்கும்," என்றார் முனியப்பன்.

"கீழ சிந்துனதைக் கூட்டி எடுப்பீங்களா?"

முனியப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன பேச்சு தாயி இது! சாமிக்குப் போயிக் கூட்டுக்கடலையா? மூட்டை வாயப் பிரிச்சா மொதப் படி முருகனுக்கு. மேலாப்புல கை படாத கடலை. அள்ளிக்கிட்டு மறுபடி நாந்தேன் வாயத் தச்சேன்."

இளவேனில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதையும் பிடித்துக்கொண்டு நின்று பைசல் பார்த்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கும் விளங்க ஆரம்பித்தது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

"ஐம்பதுல ஒன்றரை எடுத்தா நாப்பத்தெட்டரை," என்றாள் மெதுவாக. "தராசு ஐம்பத்தொண்ணு காட்டுது. அப்போ ஒவ்வொரு மூட்டையிலயும் யாரோ ரெண்டரைக் கிலோ கொட்டியிருக்கான். நாப்பது மூட்டைக்கு நூறு கிலோ. திருட்டுப் போனது அம்புட்டும் இங்கதான் வந்துச்சு."

"சாம்பிள்ல நாப்பதுதானக்கா வந்துச்சு?"

"அது மிச்சம்டா. மூட்டைக்கு ஒரு கிலோ. கொட்டுனவன் எங்க கொட்டுவான்? மூட்டை வாயிலதான். உள்ள விட்டுக் கலக்க அவனுக்கு நேரமில்ல. தூக்கிப் போட்டு எடுக்கையில தானாக் கலந்துக்கும்னு விட்டுட்டான். அவன் கொட்டுன மேலாப்புலதான் இவரு படியப் போட்டு அள்ளியிருக்காரு."

"ஒன்றரைக் கிலோ… நாப்பது மூட்டை…" பைசலின் உதடுகள் தானாக அசைந்தன. "அறுபது."

"அறுபதும் வெறும் மருந்துக்கடலை. நூத்துக்கு ரெண்டு இல்ல பைசல். நூத்துக்கு நூறு."

முனியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, என் கையாலயே அள்ளிக் குடுத்தனே! முருகா, என் கையாலயே!"

"எங்க போச்சு அது? எந்திரிங்கய்யா, எங்க போச்சு?" இளவேனில் அவரைப் பிடித்து உலுக்கினாள்.

"பழனி ரோட்டுப் பந்தலுக்கு. நேத்தே போயிருச்சு. ராத்திரி ஊறப் போட்டிருப்பாக. இந்நேரம் வெந்து எறக்கியிருப்பாக தாயி!"

ஸ்டீபன்ராஜ் போனைத் தட்டினார். "மதியழகன் அங்கதான் இருக்கான். அவன் குடும்பம்தான் பந்தலைப் பாத்துக்குது. செத்த இருங்க, சொல்லிடறேன்." மணி அடித்தது. அவர் காதில் மட்டுமல்ல, மேஜை மூலையிலும் அடித்தது. மதியழகன் சார்ஜில் போட்ட போனை அப்படியே மறந்துவிட்டுப் போயிருந்தார்.

இளவேனில் போலீசுக்குப் பேசிக்கொண்டே வெளியே ஓடினாள். அவளுக்கு முன்னால் பைசல் ஸ்கூட்டரில் இருந்தான்.

பழனி ரோடு என்று பெயர்தான். தைப்பூசக் காலத்தில் அது ரோடே இல்லை, ஜனங்கள் ஓடுகிற ஆறு. பச்சை வேட்டி, மஞ்சள் புடவை, வெறுங்கால், தோளில் காவடி. பைபாஸ் வரைக்கும் எப்படியோ வளைந்து நெளிந்து வந்துவிட்டான். அதற்கப்புறம் வண்டி நகர மறுத்தது.

"விலகுங்க அப்பு! சாமி, கொஞ்சம் வழி விடுங்க சாமி!"

ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே வழி விட்டார். "என்னப்பா இம்புட்டு அவசரம்? பந்தலுக்குத்தான் போறோம். எல்லாருக்கும் சாப்பாடு இருக்கும்."

பைசலுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்து, போகாதீங்க அய்யா, திரும்பிப் போயிருங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினான்.

"யாருக்கா இதச் செஞ்சது? மூணு சாவியில எது?"

"தெரியல. எங்க இருக்குன்னுதான் தெரியும். மொதல்ல அது." அவன் தோளை அழுத்திப் பிடித்தாள். "கேளு. உள்ள போயி விஷம்னு கத்தாத. அம்புட்டுக் கூட்டமும் ஒரே நேரத்துல எந்திரிச்சா நெரிசல்லயே சாவாங்க."

ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னால் வயலை ஒட்டிப் பந்தல் தெரிந்தது. ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு காதைப் பிளந்தது. உள்ளே இருநூறு பேருக்குக் குறையாமல் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். புளியோதரை விழுந்தாயிற்று. தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகச் சுண்டல். வாளியும் கரண்டியுமாக இலை இலையாக வைத்துக்கொண்டே போனார்கள். மைக்கில் அரோகரா சொல்லும்வரை யாரும் இலையைத் தொடக் கூடாது என்பது அந்தப் பந்தலின் முறை. அந்த ஒரு முறைதான் அந்த இருநூறு உயிரையும் அதுவரை காப்பாற்றி வைத்திருந்தது. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் மாலையுமாக ஒருவர் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். மதியழகன்.

பைசல் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினான். மின்பெட்டிக்குப் போகிற ஒயர் கண்ணில் பட்டது. இரண்டு கையாலும் பிடுங்கினான். பாட்டு நின்றது. மைக்கில் மதியழகனின் வாய் மட்டும் அசைந்தது.

"சாமிகளா!" இளவேனில் பந்தியின் நடுவில் நின்று குரல் கொடுத்தாள். "சுண்டலை மட்டும் யாரும் தொடாதீங்க. உப்பு தப்பாப் போச்சு. மாத்தி வைக்கிறாங்க. கையில எடுத்தவங்க கீழ வச்சிருங்க."

முணுமுணுப்பு எழுந்தது. சமையல் பொறுப்பிலிருந்த சிவனம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரி. "ஏனுங்க, எஞ்சுண்டல்ல உப்புத் தப்புங்களா? நாக்குல வச்சுப் பாக்கறதுக்கு முன்னாலயே சொல்றீங்களே!"

மதியழகன் சிரித்தபடிதான் வந்தார். "என்ன மேடம் இது, சாமி காரியத்துல வந்து ஒயரைப் புடுங்கறீங்க? உப்பு சரியாத்தான் இருக்கும். இந்தா, நான் தின்னு காட்டறேன்." பக்கத்து வாளியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். அந்தக் கை தைரியமாக வாயை நோக்கிப் போனது. அப்போ இவர் இல்லை என்று பைசல் நினைத்தான்.

"கடலை எங்க உள்ளது சார்?" என்றாள் இளவேனில்.

"நம்ம கடை மகமைதான்." குரலைத் தாழ்த்திக் கண்ணடித்தார். "கீழ சிந்துற பழைய கடலையக் கூட்டிச் சேர்க்கறது. தானம்னா அப்படித்தானே மேடம்? நல்லாக் கழுவிட்டோம்."

"இல்ல சார். உங்க மேஸ்திரிக்குச் சாமின்னா சாமிதான். புது லோடுல, மூட்டை வாயப் பிரிச்சு மேலாப்புல இருந்து அள்ளியிருக்காரு. நாப்பது மூட்டை வாயிலயும்."

வாய்க்குப் பக்கத்தில் வந்த கை நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடலை உருண்டு அவர் பாதத்தின் மேல் விழுந்தது. அடுத்த நொடி மதியழகன் பாய்ந்தார். முதல் வரிசையில் மஞ்சள் பாவாடையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணின் இலையைக் காலால் தட்டிவிட்டு, அவளைத் தூக்கி வாய்க்குள் விரலை விட்டார்.

"துப்பு! துப்பு அறிவுச்செல்வி! தின்னியா? சொல்லும்மா, தின்னியா?"

அவர் மகளின் இலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுண்டல் அப்படியே ஆவி பறக்க இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் உப்புன்னுதான் சார் சொன்னேன்," என்றாள் இளவேனில்.

"நூத்துக்கு ரெண்டுதான வரும்!" மதியழகன் அலறினார். "கணக்குப் போட்டுத்தான செஞ்சேன்! மூட்டைக்கு ரெண்டரைக் கிலோ! அஞ்சு தண்ணி கழுவுனேன்! நாலு ஊருக்குப் பிரிஞ்சு போனா ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாது, கூடுன எடைக்குக் காசும் வரும்னு…" நூற்றுக்கு ஐந்து என்பதைக்கூட அவர் தன் மனசுக்கு இரண்டாகக் குறைத்துச் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது.

குழந்தை மிரண்டு அழுதது. "அடுப்படியில அப்பவே ஒரு தொன்னை தின்னேன்பா. சிவனம்மா அத்தைக்குத் தெரியாம."

சிவனம்மாளின் கரண்டி கீழே விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. கையை இலையிலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, மதியழகனையே பார்த்தபடி நின்றார்கள். அவர் மகளை நீட்டினார். யாரிடம் நீட்டுகிறோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பைசல் வாங்கிக்கொண்டான்.

ஸ்கூட்டரில் அவனுக்கும் இளவேனிலுக்கும் நடுவே குழந்தை. பின்னாலிருந்து சேதி முந்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நடந்து வந்த கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. குழந்தையின் உடம்பு முதுகில் சில்லென்று ஒட்டுவதை பைசல் உணர்ந்தான்.

"அக்கா, நூத்துக்கு எத்தனை பேரு பொழைப்பாங்கக்கா? சொல்லுக்கா."

"ஒரே ஒரு ஆளுக்கு நூத்துக்கு இத்தனைன்னு கணக்கே கெடையாதுடா. ஓட்டு."

பைபாஸைத் தாண்டும்போது குழந்தை அவன் முதுகில் வாந்தி எடுத்தது. சூடாகச் சட்டைக்குள் வழிந்தது. அவன் வாழ்நாளில் எந்த அருவருப்புக்கும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கண்ணீர் வழியத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான்.

"அத்தை," என்றது குழந்தை, இளவேனிலின் மார்பில் தலையைச் சாய்த்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எல்லார் இலையிலயும் அதே சுண்டல்தான இருந்துச்சு?"

"ஆமா கண்ணு."

"அப்புறம் ஏன் அப்பா என் இலைய மட்டும் தட்டிவிட்டாரு?"

பைசல் ஹாரனை விடாமல் அழுத்தினான். ஆஸ்பத்திரி வாசல் எதிரே தெரிந்தது. இளவேனில் குழந்தையின் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"பேசாத கண்ணு," என்றாள். "வந்துட்டோம். வர்றதை அடக்காம இன்னொரு தரம் வாந்தி எடுத்துரு."